முள்ளம்பன்றியின் கடைசி வரிசை

ஒரு விடுகதை போடுகிறேன் அண்ணாச்சி, விடை சொல்லுங்கள் பார்ப்போம். முன்னால் போனால் முள்ளம்பன்றி. பக்கவாட்டில் போனால் பஞ்சு மூட்டை. காலோ நூற்றுக்கு மேலே, ஆனால் திரும்பச் சொன்னால் தெரியாது. அது என்ன?

ரயில் இல்லை. எல்லாரும் முதலில் ரயில் என்றுதான் சொல்கிறார்கள். போன வாரம் கீற்று கொண்டுவந்தவர் மரவட்டை என்றார். அதுவும் இல்லை.

விடை அந்தச் சுவர் ஓரம் சாத்தியிருக்கிறது. அந்த மூங்கில் கழிகளைப் பாருங்கள். நுனியில் துணி உருண்டை, அதற்கு மேல் வெள்ளித்தாள். மழையில் பாதி உரிந்துவிட்டது. அலெக்சாந்தருடைய படை அண்ணாச்சி. மாசிடோனியா என்று ஒரு நாடாம், கிரேக்கத்துக்குப் பக்கத்தில். அவனுடைய காலாள்கள் இந்த மாதிரி நீளக் கம்பைப் பிடித்துக்கொண்டு தோளோடு தோள் ஒட்டி நிற்பார்களாம். அதைத்தான் விடுகதையாக்கினாள் என் மகள். வடிவு. சண்முகவடிவு, என் அம்மா பெயர்.

பையன்கள் லோடு ஏற்றி முடிக்க இன்னும் நேரமாகும். அந்த ஸ்டூலில் உட்காருங்கள். உங்கள் வீட்டுக் கல்யாணத்துக்குப் பந்தல் ஜோராகப் போட்டுத் தருகிறேன், கவலைப்படாதீர்கள். உங்கள் மச்சினன் பள்ளிக்கூட விழாவுக்கும் சேர்த்துக் கேட்டீர்களே, அது மட்டும் வேண்டாம். பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டேன். ஏன் என்று கேட்டீர்கள். கேட்டதற்காகச் சொல்கிறேன். நியாயத்தை நீங்களே சொல்லுங்கள்.

பெர்சிஸ் டீச்சர் என்று ஒருவர், சரித்திரம் நடத்துகிறவர். இப்போது இங்கே இல்லை, தென்காசிப் பக்கம் எங்கேயோ இருப்பதாகக் கேள்வி. போன வருஷம் பள்ளிக்கூடத்துக்குப் பொன்விழா. விழாப் பந்தல் நான். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்து அந்த மாசிடோனியாப் படையை மைதானத்தில் நடத்திக் காட்டப் போவதாக டீச்சர் இந்தக் கொட்டகைக்கே வந்தார். நீளமான கழி வேண்டும் என்றார். எவ்வளவு நீளம் என்று கேட்டேன். அந்தக் காலத்தில் மூன்று ஆள் உயரமாம். டீச்சர், பந்தக்கால் நடப் போறீங்களா, படை நடத்தப் போறீங்களா என்று கேட்டேன். சிரித்தார். சிரித்துவிட்டு, பிள்ளைகள் தூக்குகிற மாதிரி நீங்களே வெட்டிக் கொடுங்கள் என்றார்.

மூங்கில் எனக்குத் தெரியும் அண்ணாச்சி. நீளக் கழியை ஒரு முனையில் பிடித்தால் மறுமுனை தரையைப் பார்க்கும். கைதான் வலிக்கும். அதனால் ஒரு வேலை செய்தேன். இரண்டு ஆள் உயரத்துக்கும் குறைவாக, மெல்லிசுக் கழியாகப் பார்த்து வெட்டி, அடிப் பொந்துக்குள் ஈர மணலைத் திணித்துக் கட்டையால் அடைத்தேன். இப்போது அடி கனம், நுனி லேசு. ஒரு சின்னப் பிள்ளைகூட நேராகப் பிடிக்கலாம். டீச்சர் பிடித்துப் பார்த்துவிட்டு, மாசிடோனியாக்காரர்களும் அடியில் கனமான வெண்கலப் பூண் போட்டிருந்தார்கள், அதே காரணத்துக்காக என்றார். எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா. எல்லாக் கழியையும் இனாமாகவே கொடுத்தேன். அதைச் சொல்லிக்காட்ட வரவில்லை, சொல்லிவிட்டேன்.

வடிவு அன்றைக்கு ராத்திரி சாப்பிடுகிற தட்டில் தீக்குச்சிகளை அடுக்கிக் காட்டினாள். வரிசைக்குப் பின்னால் வரிசை. முதல் ஐந்து வரிசை கம்பைக் கிடையாக நீட்டும். பின்னால் இருக்கிறவனுடைய கம்பும் முன்னால் இருக்கிறவனைத் தாண்டி வெளியே வரும். ஆகவே எதிரி முதல் ஆளைத் தொடுவதற்கு முன்னால் ஐந்து முனைகளைத் தாண்ட வேண்டும். அதற்கும் பின்னால் இருக்கிற வரிசைகள் கம்பைச் சாய்வாகத் தூக்கிப் பிடிக்கும், வருகிற அம்புகள் அதில் பட்டு விழட்டும் என்று. இரண்டு கையும் கம்புக்கே வேண்டும், அதனால் கேடயத்தைக் கழுத்தில் வாரால் மாட்டிக்கொள்வார்கள். திரும்ப வேண்டுமானால் எல்லாரும் கம்பை நேராக நிமிர்த்த வேண்டும், இல்லாவிட்டால் ஒன்றோடு ஒன்று சிக்கிக்கொள்ளும். நேரே போனால் யாராலும் நிறுத்த முடியாது. ஆனால் தரை சமமாக இருக்க வேண்டும். மேடு பள்ளம் வந்தால் வரிசையில் சந்து விழும். ரோமாபுரிக்காரன் அந்தச் சந்துக்குள் குட்டைக் கத்தியோடு புகுந்துதான் ஜெயித்தானாம்.

இதெல்லாம் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. கடைசியாக ஒன்று சொன்னாள், கடைசி வரிசையைப் பற்றி. அப்போது சாமியானாக்காரன் போனில் வந்துவிட்டான். அதைச் சரியாகக் கேட்கவில்லை.

ஒத்திகை பார்க்கப் போனேன். போனதே என் கழிகள் எப்படி நிற்கின்றன என்று பார்க்கத்தான். மைதானத்து ஓரம் மற்ற அப்பாமார் நாலைந்து பேர் நின்றார்கள். பிள்ளைகள் எட்டு எட்டாக நின்றார்கள். முதல் வரிசையில் தேடினேன், வடிவு இல்லை. இரண்டாவதில் இல்லை. தேடிக்கொண்டே போனால், கடைசி வரிசையில் நிற்கிறாள். முகம்கூடத் தெரியவில்லை. அவள் நிற்கிற நேரில் முன்வரிசையில் ஆல்வின். ஹார்டுவேர் கடை ஸ்டீபன் மகன். ஸ்டீபன் என் பக்கத்தில்தான் நின்றார். அவர் சும்மா இருந்திருக்கலாம்.

"அண்ணாச்சி, கம்பு உங்க வீட்டுக் கம்பு. முன்னால நிக்கிறது எங்க வீட்டுப் பய. பொருத்தம் எப்படி?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

உங்களுக்கு அது சின்ன விஷயமாகத் தோன்றும். நீங்கள் பந்தலுக்குக் கீழே உட்காருகிறவர். நாங்கள் பந்தல் போடுகிறவர்கள். எத்தனை கல்யாணம் பார்த்திருப்பேன், ஒன்றிலாவது முதல் பந்தியில் உட்கார்ந்திருப்பேனா? எல்லாரும் எழுந்த பிறகு, பாயசம் தீர்ந்த பிறகு, பந்தக்காரங்களைக் கூப்பிடுங்கப்பா என்று ஒரு குரல் வரும். நாங்கள் போட்ட பந்தலில் எங்களுக்குக் கடைசிப் பந்தி. அதை நான் பொறுத்துக்கொண்டேன். என் பிள்ளைக்குமா?

வீட்டுக்கு வந்து வடிவிடம் கேட்டேன், ஏன் கடைசியில் நிற்கிறாய் என்று. அவள் சாதாரணமாகச் சொன்னாள், அது நல்ல இடம்ப்பா, டீச்சர்தான் என்னைத் தேர்ந்தெடுத்தாங்க என்று. பிள்ளை தன்னைத் தானே தேற்றிக்கொள்கிறாள் பார் என்று நினைத்தேன். என் மனைவியும், அவ சந்தோஷமாத்தான இருக்கா, விடுங்களேன் என்றாள். அவளுக்கு என்ன தெரியும், ஸ்டீபன் சிரித்ததை அவள் பார்த்தாளா?

மறுநாள் மைதானத்தில் பெரிய கம்புகளை நிமிர்த்துகிற வேலை. தாளாளர் ஐயா வேலையைப் பார்க்க வந்தார். வந்தவர் ஏதோ பேச ஆரம்பித்தார். ஐயா, ஒரு நிமிஷம் பொறுங்க, பலவேசம் வரட்டும் என்றேன். பலவேசம் என்னிடம் ரொம்ப வருஷமாக இருக்கிறவன். நெட்டைச் சவுக்குக் கம்பை நிமிர்த்தும்போது மேலே கயிறு பிடிக்க யார் வேண்டுமானாலும் போதும். வேடிக்கை பார்க்கிற ஜனம் அவனைத்தான் பார்க்கும். ஆனால் அடியில் மிதித்துக்கொண்டு நிற்கிறானே, அவன்தான் ஆள். அவன் கால் நழுவினால் கம்பு பின்பக்கமாக உதைத்துக்கொண்டு போய்விடும், மேலே போனது அத்தனையும் முன்னால் இருக்கிறவன் தலையில். அந்த இடத்தில் பலவேசத்தைத் தவிர யாரையும் நான் விடுவதில்லை. அவன் காய்ச்சலில் படுத்தால் அன்றைக்குக் கம்பே நிமிராது. ஐயாவிடம் இதை விளக்கமாகச் சொன்னேன். அவரும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.

பலவேசம் வந்து அடியில் மிதித்தான். கம்பு நிமிர்ந்தது. பிறகு நான் ஐயாவிடம் என் விஷயத்தைச் சொன்னேன். என் பிள்ளை பின்னால் நிற்கிறாள், அவளை முன்வரிசைக்குக் கொண்டுவர வேண்டும் என்று. அதெல்லாம் டீச்சர் பார்க்கிறதுல்லா முப்பிடாதி என்றார். பந்தலும் கழியும் நான் பார்க்கிறதுதானே ஐயா என்றேன். மிரட்டல் இல்லை அண்ணாச்சி. சாதாரணமாகச் சொன்னேன். அவருக்குப் புரிந்தது.

சாயங்காலம் டீச்சர் என்னைத் தேடி வந்தார். கோபப்படவில்லை. மாற்றிவிட்டேன் சார், வடிவு ஆல்வின் இடத்துக்கு வந்துவிட்டாள், ஆல்வின் அவள் இடத்துக்குப் போயிருக்கிறான் என்றார். நன்றி டீச்சர் என்றேன். போகும்போது ஒன்று சொன்னார்.

"முன்னால நிக்க நிறையப் பிள்ளைங்க இருக்காங்க சார். பின்னால நிக்கத்தான் ஆள் தேடணும்."

எனக்கு அது குத்திக்காட்டுகிற மாதிரி இருந்தது. படித்தவர்கள் இப்படித்தான் பேசுவார்கள் என்று விட்டுவிட்டேன்.

வடிவு அன்றைக்குச் சீக்கிரமே படுத்துவிட்டாள். தட்டில் தீக்குச்சி அடுக்கவில்லை. அடுத்த நாளெல்லாம் ஆல்வினுக்குக் கடைசி வரிசை வேலையைச் சொல்லிக்கொடுத்தாளாம். அவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, வேண்டாவெறுப்பாகக் கம்பைத் தோளில் சாய்த்துக்கொண்டு நின்றானாம். பின்னே இருக்காதா? விழாவுக்கு முந்தின நாள் மட்டும் என்னிடம் வந்தாள். அப்பா, நாளைக்கு நாங்க நடக்கிற தடத்துல ஒரு தடவை நடந்து பாத்துருங்கப்பா, தரை சமமா இருக்கணும் என்றாள். சரி தாயி என்றேன்.

விழா அன்றைக்குக் காலையில் சிறப்பு விருந்தினர் நாற்காலி மேல் வெயில் விழுகிறது என்று ஐயா ஆள் அனுப்பினார். பக்கவாட்டுச் சாமியானாவைக் கொஞ்சம் தள்ளிக் கட்டச் சொன்னேன். கட்டினார்கள். பழைய கயிற்றை அவிழ்த்தார்கள், அதைக் கட்டத் தரையில் அடித்திருந்த முளையைப் பிடுங்கவில்லை. அவசரம் அண்ணாச்சி. எந்தப் பந்தலில் ஒரு முளை மிச்சம் இல்லாமல் இருக்கிறது? நீங்களே தடுக்கியிருப்பீர்கள்.

ஆனால் படை இறங்கியது பாருங்கள், அதை நான் சொல்லியே ஆக வேண்டும். கொட்டு அடிக்கிற தாளத்துக்கு எட்டு வரிசையும் ஒரே காலாக வந்தது. நடுவில் நின்று டீச்சர் ஒரு சொல் சொன்னார். முன்வரிசைகளின் கம்புகள் மொத்தமாகச் சாய்ந்தன. வெள்ளித்தாள் வெயிலில் மின்னியது. கூட்டம் கப்பென்று அடங்கிவிட்டது. எதிரே அட்டைக் கத்தி வைத்துக்கொண்டு வந்த ஆறாம் வகுப்பு ரோமாபுரிப் பிள்ளைகள் நிஜமாகவே பயந்து பின்னால் போனார்கள். நான் ஸ்டீபனைப் பார்த்தேன். முதல் வரிசையில் என் மகள்! அந்த நேரம் என் வாழ்க்கையிலே நல்ல நேரம்.

வலது ஓரத்து வரிசையில் ஒரு பிள்ளை முளையில் தடுக்கியது. அவ்வளவுதான். அது விழவுமில்லை, தடுமாறியது. அதன் கம்பு பக்கத்துக் கம்பில் மாட்டியது. வடிவு தட்டில் காட்டினாளே, அதே மாதிரி ஒரு சந்து விழுந்தது. அப்போதுகூடச் சமாளித்திருக்கலாமாம். பின்னால் இருக்கிறவர்கள் கம்பை நிமிர்த்திப் பிடித்து அப்படியே நின்றால் போதுமாம். ஆனால் ஆல்வின் கம்பைப் போட்டுவிட்டு ஓடிவிட்டான். அவனைப் பார்த்து அந்த வரிசை முழுக்கப் போட்டுவிட்டு ஓடியது. அடியில் மணல் கனம், நுனி மேலே. ஒவ்வொன்றாக முன்பக்கம் சாய்ந்தது. முன்னால் நின்றதுகளுக்கு ஒன்றும் தெரியாது, முதுகுக்குப் பின்னால் நடப்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்?

கேளுங்கள், இதுதான் விஷயம். முன்வரிசையில் ஏழு பிள்ளைகள் கம்பை நீட்டியபடியே நிற்கிறார்கள். பின்னால் சத்தம் கேட்டதும் என் மகள் ஒருத்தி மட்டும் கம்பைக் கீழே போட்டாள். சிறப்பு விருந்தினருக்கு முன்னால், ஊருக்கு முன்னால், முதுகைக் காட்டித் திரும்பினாள். உள்ளே புகுந்தாள். எனக்கு அவள் முதுகுதான் தெரிந்தது. கூட்டத்தில் யாரோ விசில் அடித்தான். அந்த முதுகைத்தான் எல்லாரும் போனில் படம் எடுத்து வைத்திருந்தார்கள். ஊர் முழுக்கப் போயிற்று. பந்தக்காரர் மக முதல் ஆளாத் திரும்பிட்டா என்று. ஸ்டீபன் மகன் ஓடியது ஒருத்தர் போனிலும் இல்லை. கடைசி வரிசையை யார் படம் எடுக்கிறார்கள்?

நடு வரிசையில் சபீனா என்று ஒரு சின்ன உருவப் பிள்ளை. கம்பு விழுந்து தாடை கிழிந்து தையல் போட்டார்கள். அதற்கு மேல் விழுந்த கழிகளை வடிவு தோளில் தாங்கிக்கொண்டு அந்தப் பிள்ளையை வெளியே இழுத்தாளாம். இதையெல்லாம் பிறகு சொன்னார்கள். அப்போது யாருக்குத் தெரிந்தது?

வீட்டில் கத்திவிட்டேன். முன்னால் நிறுத்தினால் முன்னால் நிற்க வேண்டாமா, என் மானத்தை வாங்கிவிட்டாயே என்று. அவள் தோளில் என் மனைவி மஞ்சள் பற்றுப் போட்டுக்கொண்டிருந்தாள். வடிவு என்னைப் பார்க்காமலே சொன்னாள்.

"பின்னால ஆள் இருந்தா முன்னால நிக்கிறவ திரும்ப வேண்டியதே இல்லப்பா. பின்னால ஆள் இல்லையே."

எதிர்த்துப் பேசுகிற பிள்ளை இல்லை அவள். அன்றைக்கு அப்படிப் பேசினாள்.

பிறகு கூட்டம் கூப்பிட்டார்கள். ஐயாவின் அறையில், பெற்றவர்கள் எல்லாரும். பிள்ளைகள் கையில் இத்தனை நீளக் கம்பைக் கொடுத்தது யார், என்ன படிப்பு இது என்று ஸ்டீபன்தான் அதிகம் பேசினார். டீச்சரை நீக்க வேண்டும் என்று எல்லாரும் சொன்னார்கள். நானும் சும்மா இருக்கவில்லை, கம்பு கொடுத்தவன் என்று என் தலையில் விழக்கூடாது இல்லையா? நான் கேட்டதைக் கொடுத்தேன், நிறுத்தியது டீச்சர்தானே என்றேன். பொய் இல்லையே.

டீச்சர் ஜன்னல் ஓரம் தனியாக நின்றார். ஐயா அவரை, யார் யார் எங்கே நிற்க வேண்டும் என்று வரிசை போட்டது நீங்கள்தானே என்று கேட்டார். ஐயாவே கேட்டார், அவருக்கே தெரியும். வரிசையை மாற்றச் சொன்னது யார் என்று டீச்சர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். முளையும் அவருக்குத் தெரியும். விழா முடிந்த அன்றைக்கு மண் ஒட்டின கையோடு அதைக் கொண்டுவந்து, சார், உங்க சாமான் ஒண்ணு கிடந்துச்சு என்று சொல்லி என் வண்டியில் போட்டதே அவர்தான். சொல்லியிருந்தால் நானும் பதிலுக்கு நாலு சொல்லியிருப்பேன். சொல்லட்டும் என்றுதான் காத்திருந்தேன்.

"ஆமா சார், நான்தான்," என்றார் டீச்சர். அவ்வளவுதான் சொன்னார்.

அப்படிச் சொன்னால் நான் என்ன செய்வது? நடுவில் எழுந்து, இல்லை ஐயா என்றா சொல்வது, அத்தனை பேருக்கு முன்னால்? நீங்களாக இருந்தால் சொல்லியிருப்பீர்களா? சும்மா கேட்டேன். பதில் சொல்ல வேண்டாம்.

அன்றைக்கு அறையை விட்டு வெளியே வந்தபோது பலவேசம் வண்டியில் காத்திருந்தான். என்ன முதலாளி, முகம் இப்படி இருக்கு என்றான். ஒன்றுமில்லை என்றேன். வண்டியின் பின்பக்கம் அந்த முளை அப்படியே கிடந்தது. எடுத்து எறியவும் முடியவில்லை, வேறு எங்கேயும் அடிக்கவும் மனம் வரவில்லை. இன்னமும் இங்கேதான் எங்கோ கிடக்கிறது. கழிகளை வடிவு விற்கவும் விடமாட்டேன் என்கிறாள், அடுப்புக்குக் கொடுக்கவும் விடமாட்டேன் என்கிறாள். பள்ளிக்கூடம் என்று யார் வந்து கேட்டாலும் எனக்கு அந்த அறைதான் கண்ணில் வருகிறது. அதுதான் காரணம். வேறு ஒன்றுமில்லை.

அறையில் நடந்ததில் ஒன்று பாக்கி. அதையும் சொல்லிவிடுகிறேன், பையன்கள் கடைசிக் கட்டைக் கட்டிவிட்டார்கள் போலிருக்கிறது.

ஐயா பிள்ளைகளை உள்ளே வரச் சொன்னார். எல்லாம் அப்பா அம்மா பக்கத்தில் வந்து நின்றன. வடிவு என் பக்கத்தில். பேசாம என்கூட நில்லு தாயி என்று வழியெல்லாம் சொல்லித்தான் கூட்டிவந்திருந்தேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். ஐயா எல்லாரையும் பார்த்துச் சொன்னார்.

"டீச்சர் சொல்லுக்குப் பயந்துதான் கம்பைத் தூக்கினோம்ங்கிற பிள்ளைங்க இங்கயே அப்பா அம்மாகிட்ட நில்லுங்க. அப்படி இல்லைன்னு சொல்றவங்க யாராவது இருந்தா டீச்சர் பக்கம் போகலாம்."

ஒருத்தரும் அசையவில்லை. சபீனாவின் அம்மா அவளைத் தன் பக்கம் இழுத்து அணைத்துக்கொண்டார். ஆல்வின் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஐயா, சரி, அப்போ முடிஞ்சுது என்று எழுந்திருக்கப் போனார்.

வடிவு என் கையிலிருந்து தன் கையை எடுத்தாள். அறையைக் குறுக்கே கடந்து போனாள். டீச்சருக்குப் பக்கத்தில் நிற்கவில்லை, பின்னால் போய் நின்றாள்.